வேலை போனவர்களுக்கு ஒரு தையல் மெசின்

நான் ஐந்து வருஷம் துணி நெய்தேன். நல்ல துணி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் மில்லில் நெய்த, ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரத்தை ஒரு தடவை அலசினால் முழங்காலுக்கு ஏறும். இரண்டாம் தடவை அலசினால் சாயம் முழுக்க வாளித் தண்ணீரில் கிடக்கும். துவாய் என்று ஒன்றையும் நெய்தோம். அதில் முகம் துடைத்தால் நூல் முகத்தில் ஒட்டிக்கொள்ளும், ஈரம் மட்டும் போகாது. அப்படியிருந்தும் கூட்டுறவுச் சங்கக் கடையில் துணி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் ஜனங்கள் விடியற்காலையிலேயே வரிசை கட்டினார்கள். வெளிநாட்டுத் துணியை அரசாங்கம் உள்ளே விடாத காலம் அது. எங்களை விட்டால் அவர்களுக்கும் வேறு கதி கிடையாது.

மில் கினிகத்தேனை ரோட்டில் இருந்தது. பெரிய பெயர்தான் மில். உண்மையில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டிடம். முப்பது மின்சாரத் தறி, முப்பது பெண்கள், ஒரு மனேஜர். பாதிப் பேர் சுற்றுவட்டாரத்துச் சிங்களப் பெண்கள், மீதிப் பேர் தோட்டங்களிலிருந்து போன நாங்கள். தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் ஐந்து வருஷத்தில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்தித்தான் நான் சிங்களமும் படித்தேன். என் பக்கத்துத் தறியில் நின்ற கினிகத்தேனைக்காரி என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளை நான் அக்கே என்பேன், அவள் என்னை நங்கி என்பாள். எனக்குக் கிடைத்த நல்ல வாத்தியார் அவள் ஒருத்திதான்.

நான் மில்லுக்குப் போனதில் என்னைவிட அம்மாவுக்குத்தான் பெருமை. எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்லப் பக்கம். அம்மா பதினாலு வயதில் கூடையைத் தலையில் மாட்டியவள். கூடைக் கயிறு கிடந்து கிடந்து அவள் உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து போயிருந்தது. அப்பா செத்த பிறகு லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நானும் அவளும் மட்டும். "இந்தக் கயிறு என்னோட போகட்டும்" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. வேறு எதையும் அவள் சாமியிடம்கூடக் கேட்டதில்லை. மகள் கொழுந்து மலைக்கு ஏறக் கூடாது, அவ்வளவுதான். நான் காலையில் பாதி நனைந்த சேலையோடு பஸ்ஸுக்கு ஓடும்போது லயத்துப் பெண்களுக்குக் கேட்கிற மாதிரி, "மில்லுக்கு நேரமாச்சு, ஓடு ஓடு" என்று சத்தம் போடுவாள். நேரமாகாத நாளிலும் போடுவாள்.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. வந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். இனி நாட்டில் எல்லாம் கிடைக்கும் என்றார்கள். அதில் பொய்யில்லை, எல்லாம் கிடைத்தது. ஹட்டன் கடைகளில் நைலெக்ஸ் சேலை அடுக்கடுக்காக வந்து இறங்கியது. கசங்காது. சாயம் போகாது. தோய்த்துக் கொடியில் போட்டால் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். மழை விடாத எங்கள் ஊரில் அப்படி ஒரு சேலையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? எங்கள் சாரமும் துவாயும் கடையின் பின் தட்டுக்குப் போயின. அப்புறம் தரைக்கு வந்தன. அப்புறம் கடைக்காரர்கள் அவற்றைக் கடை துடைக்க எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் அவை உதவவில்லை என்று கேள்வி.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷத் தீபாவளிக்கு அடுத்த நாள் தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் புது நைலெக்ஸ் சேலையில் மில்லுக்குப் போனோம். நான் கட்டியிருந்தது ஊதாவில் மஞ்சள் பூ. துணி நெய்கிறவர்கள் நாங்கள், எங்கள் துணியை நாங்களே கட்டவில்லை. மனேஜர் வாசலில் நின்று ஒவ்வொருத்தியாக மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை மட்டும் நாங்கள் நெய்ததா என்ன? அதுவும் வெளிநாட்டு டெட்ரோன்தான்.

அடுத்த வருஷம் நடுப்பகுதியில் முதலில் பத்துத் தறியை நிறுத்தினார்கள், பிறகு இருபதை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மனேஜர் நாங்கள் உட்காரும் ஒரு வாங்கின் மேல் ஏறி நின்று பேசினார். உலகச் சந்தை என்றார், போட்டி என்றார், நாடு முன்னேறுகிறது என்றார். நாடு முன்னேறினால் நாங்கள் ஏன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆளுக்கொரு கடிதமும் ஆளுக்கு இரண்டு துவாயும் கொடுத்தார்கள். அந்தத் துவாயைக் கொடுத்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நல்ல காகிதம் எது, கெட்ட காகிதம் எது என்று எடையிலேயே தெரிந்துவிடும். "வேற எங்கயாச்சும் கேட்டுப் பாரு. மலைக்கு மட்டும் வரக் கூடாது" என்றாள். நான் ஹட்டன் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் வேலைக்கு முதலாளியின் மச்சான் மகன் இருந்தான்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுப் பொருள் வந்ததால் வேலை இழந்த தொழிலாளர்களுக்கு அரசாங்க உதவி. திட்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சிங்களத்தில் வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். நெசவுப் பெண்களுக்கு மூன்று மாதம் தையல் பயிற்சி, கூடவே ஆளுக்கொரு தையல் மெசின். வெளிநாட்டுத் துணியால் வேலை போனவளுக்கு வெளிநாட்டு மெசின். அதில் அவள் வெளிநாட்டுத் துணியைத் தைக்க வேண்டும். யோசித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

இப்போது இப்படிப் பேசுகிறேன். அன்றைக்கு நான் அப்படியா இருந்தேன்? கனவில்கூடத் தையல் மெசின்தான். அம்மா அதைவிட மோசம். மெசின் வந்தால் காம்பராவில் எந்த மூலை, சன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழும், மழை ஒழுகாத இடம் எது என்று அளந்து வைத்துவிட்டாள். கோழிக் கூடையை அந்த மூலையிலிருந்து நகர்த்திவிட்டாள். கோழிக்கு அது பிடிக்கவில்லை.

விண்ணப்பத்தை அக்கேதான் நிரப்பினாள். மூன்று காரியம் கேட்டிருந்தார்கள். மில்லில் வேலை செய்ததற்குக் கடிதம். அது இருந்தது. இலங்கைப் பிரஜை என்பதற்குப் பத்திரம். தோட்டத்து ஆட்கள் நிறையப் பேருக்குப் பிரஜாவுரிமையே கிடையாது, அதிசயமாக எனக்கு அதுவும் இருந்தது. அப்பா தன் ஆயுளில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். மூன்றாவது, எங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு ஓர் அத்தாட்சி. அக்கே தன் ஊர்க் கிராம சேவகரிடம் போனாள், அரை மணி நேரத்தில் கடிதத்தோடு வந்தாள். "நீயும் வாங்கிட்டு வா நங்கி, சுகமான வேலை" என்றாள். சுகமான வேலைதான், வீடு இருக்கிறவர்களுக்கு.

நான் எங்கள் பக்கத்துக் கிராம சேவகரிடம் போனேன். நல்ல மனிதர், நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். தோட்டத்து ஆட்கள் தன் பதிவு இடாப்பில் இல்லை என்றார். தோட்டம் தோட்டம்தான், கிராமம் கிராமம்தான். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தோட்டத்தை நடத்துகிற துரைதான் கடிதம் தர வேண்டும் என்றார். நான் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். அதில் தோட்டத்தின் பெயர், லயத்தின் இலக்கம் எல்லாம் இருந்தது. அவர் அதை முழுக்க வாசித்தார். "நீ இங்கே பிறந்ததுக்கு ஆதாரம் இருக்கு. பிறந்த பிறகு இங்கேதான் இருக்கியா என்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று சிங்களத்தில் கேட்டார். கேட்டுவிட்டுத் தேத்தண்ணியும் வரவழைத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் அம்மாவும் நானும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். ஆபீஸ் என்றால் உள்ளே போவது என்று அர்த்தம் இல்லை. வெளியே ஒரு சன்னல் இருக்கும். தொழிலாளிகள் அதற்கு முன்னால், மழையில், தலையிலிருந்து சாக்கை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தோட்டங்களை அரசாங்கம் எடுத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் போட்ட சன்னலை அரசாங்கமும் அப்படியே வைத்திருந்தது, சட்டத்துக்குப் பச்சை வர்ணம் மட்டும் புதிதாக அடித்திருந்தார்கள். உள்ளே பெரிய கிளாக்கர் இருந்தார். தமிழர்தான். முப்பது வருஷமாக அந்த மேசையில் உட்கார்ந்து எங்கள் பிறப்பையும் சாவையும் எழுதுகிறவர். நான் பிறந்ததையும் அவர்தான் எழுதியிருப்பார்.

அவர் செக்ரோலைப் புரட்டினார். தோட்டத்தில் யார் யாருக்கு வேலை பதிவு என்று எழுதியிருக்கும் பெரிய புத்தகம் அது. "ஓம் பேரு இதுல இல்லயே" என்றார்.

"அவ மில்லுக்குப் போனா ஐயா. தோட்டத்துல வேல செய்யல" என்றாள் அம்மா.

"அப்ப அவ இங்க இருக்கான்னு நான் எப்படி எழுதுறது? பதினெட்டு வயசு வரைக்கும் ஓம் பேருக்குக் கீழ வருவா. அதுக்கு மேல அவ தனி ஆளு. செக்ரோல்ல பேரில்லாத தனி ஆளு தோட்டத்துல இருக்கக் கூடாது. இருக்கான்னு எழுதுனா, நானே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி."

"அவ இங்கதானே ஐயா இருக்கா, முன்னால நிக்கிறாளே."

"நிக்கிறா, எனக்கும் கண்ணு தெரியுது. புத்தகத்துல இல்லயே" என்றார்.

சின்ன வயதில் வேட்டி மடியிலிருந்து தோடம்பழ மிட்டாய் எடுத்து எனக்குக் கொடுத்த மனிதர் இவர். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். சன்னலுக்கு முன்னால் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அந்த அறிவு இன்று வரை வரவில்லை.

பெரிய கிளாக்கருக்கு எங்களைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது. சற்று யோசித்துவிட்டு, "ஒண்ணு செய்யலாம்" என்றார். "பேர செக்ரோல்ல போட்டுடறேன். கொழுந்து ஆளுன்னு. பேரு இருந்தா கடிதம் குடுக்கலாம், தொரையும் கையெழுத்து வைப்பாரு. நீ வேலைக்கு வரணும்ணு இல்ல. ரெண்டு மாசம் வராட்டி பேரு தானா வெட்டுப்படும். அதுக்குள்ள மெசின் வந்துரும்ல."

அவர் அந்த நிமிஷத்தில் எழுதினார். அடுத்த நிமிஷத்தில் நான் இருந்தேன். இருபத்திரண்டு வருஷம் அந்த லயத்தில் சோறு தின்று, தூங்கி, குளித்து, காய்ச்சல் வந்து கிடந்தது எல்லாம் கணக்கில் வரவில்லை. ஒரு வரி மசியில் குடிவந்துவிட்டேன். கடிதமும் கிடைத்தது. அம்மா சன்னலைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு ஹட்டனில் ஒரு தையல் கடை போட்டிருப்பேன். கெடுத்தது எங்கள் புத்தி. தோட்டத்து ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டாள். "பேரு போட்டாச்சு. நாளைக்குப் பெரட்டுக்கு வரணும்ல?"

பெரட்டு என்பது காலையில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. எங்கள் ஆட்களுக்குக் கோயில் மணி தவறினாலும் பெரட்டு தவறாது.

"வரத் தேவையில்லன்னு அவரே சொன்னாருல்ல" என்றேன்.

"அவரு சொல்லுவாரு. நாளைக்கு வேற கிளாக்கர் வருவாரு. பேர் போட்டுட்டு வேலைக்கு வரல, காம்பராவ விடுன்னு சொன்னா எங்க போறது? பேரு கூப்பிடும்போது ஆளு இல்லாட்டி எனக்குத்தான் கேவலம். வெளியில நாலு பேரு என்ன பேசுவாங்க? ரெண்டு மாசந்தானே. மெசின் வந்த ஒடனே கூடைய எறிஞ்சிட்டுப் போ."

என்னை மலைக்கு வரவே கூடாது என்றவள்தான் இதைச் சொன்னாள். அவளுக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. புத்தகத்தில் பெயர் இருந்தால் அந்தப் பெயருக்கு ஆள் போய் நிற்க வேண்டும். எழுதியதை ஏமாற்றக் கூடாது. எங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் எங்களை ஏமாற்றியவர்கள் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நானும் பேசிப் பார்த்துவிட்டு அடுத்த நாள் போனேன். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, அம்மாவின் பழைய கூடையை மாட்டி, குளிரில் பெரட்டுக் களத்தில் நின்றேன். கங்காணி என் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா எனக்கு முன்னால், "இருக்கா" என்று பதில் சொன்னாள்.

மில்லில் நாள் முழுக்க நின்ற கால் இது, மலையில் அரை நாளில் மடங்கிவிட்டது. அட்டை கடித்தது. கொழுந்து விரலை அறுத்தது. முதல் வாரம் நான் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை, "மில்லு தொரசாணி வந்திருக்காங்க, தராசே அசையல" என்று சிரித்தார். ஆறு வாரத்தில் பழகிவிட்டது. பழகியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் தவறாமல் போனேன். விண்ணப்பத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே பறித்தேன்.

ஆறாவது வாரம் முடிவில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். விண்ணப்பித்தவர்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்க்கிறவர். லயத்தில் யாரும் இல்லை, எல்லாரும் மலையில். யாரோ ஒரு கிழவர் கையைக் காட்ட, ஜீப் மலை ரோட்டில் வந்து நின்றது. கங்காணி மேலேயிருந்து என் பெயரைச் சொல்லி, "மெசினுக்கு ஆளு வந்துருக்கு, ஓடியா" என்று கூப்பிட்டார்.

நான் ஓடினேன். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது. கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். பாதி நிறைந்த கொழுந்துக் கூடையோடு, இடுப்பில் சாக்கோடு, மலைச் சரிவில் விழுந்தடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். எனக்குப் பின்னால் அம்மாவும் அதே கோலத்தில் வந்து நின்றாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று எங்கள் நினைப்பு.

அதிகாரி இளவயசுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். இந்தத் தோட்டத்திலா குடியிருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். பார்வை கூடைக்குப் போனது. இங்கேயா வேலை செய்கிறாய் என்றார். ஆமாம் என்றேன். எவ்வளவு காலமாக என்றார். செக்ரோலில் பெயர் ஏறிய நாளிலிருந்து ஆறு வாரம், ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றேன். நல்ல சிங்களத்தில், இலக்கணம் பிசகாமல் சொன்னேன். அம்மாவுக்கு மொழி புரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்து விஷயத்தை ஊகித்துக்கொண்டு, "ஒரு நாளு பெரட்டு தவற மாட்டா ஐயா" என்று தன் பங்குக்குச் சொன்னாள். அவருக்கும் அது புரிந்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே எழுதினார். நல்லது, மிகவும் நல்லது என்றார். ஜீப் போன பிறகு அம்மா, "பாத்தியா, பெரட்டுக்குப் போனது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஹட்டனில் ஒரு மண்டபத்தில் விழா, வர வேண்டும். பயிற்சியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பயிற்சிக்கு முன்பே மெசினைக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். நினைப்பதற்கு யாரும் வரி போடவில்லை. அன்றைக்கு அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து காய்ச்சலோ சாவோ இல்லாமல் அவள் பெரட்டுக்குப் போகாத ஒரே நாள் அது. மெசினைக் கட்டித் தூக்க ஒரு கயிறும் கொண்டு வந்தாள்.

மண்டபத்து மேடையில் மெசின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு ரிப்பன். அம்மா அவற்றை விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். நடுவில் ஒரு பிரமுகர், கழுத்து மறையும் அளவுக்கு மாலை. முதலில் அவர் ஒரு மணி நேரம் பேசினார். வாங்கின் மேல் ஏறி நின்று மில் மனேஜர் பேசியதையேதான் இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். பிறகு பெயர் கூப்பிட்டார்கள். அக்கேயின் பெயர் வந்தது. அவள் போய் மெசினைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கினாள். ஒவ்வொரு பெயராகப் போனது, மெசின்களும் தீர்ந்தன. என் பெயர் வரவில்லை. அம்மா கயிற்றை மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் இரண்டாவது பட்டியல் என்றார்கள். அதில் முதல் பெயர் என்னுடையது. மேடைக்குப் போனேன். பிரமுகர் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். மகள், இப்போது என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். கொழுந்து பறிக்கிறேன் என்றேன். உடனே அவர் சபையைப் பார்த்து, வேலை இழந்த இந்தப் பெண்ணுக்கு அரசாங்கம் தன்னுடைய தோட்டத்திலேயே வேலை தேடிக் கொடுத்திருக்கிறது என்று அறிவித்தார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. கூட்டத்தில் அம்மாவும் தட்டினாள். எழுந்து நின்று தட்டினாள்.

இறங்கி வந்ததும், "மெசின பின்னாடி வச்சுக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். நான் அவளை இழுத்துக்கொண்டு ஜீப்பில் வந்த அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். பின் வாசலில் வடை தின்றுகொண்டு நின்றார். எனக்கு ஏன் மெசின் இல்லை என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புதுமையாக இருந்தது. மெசின், வேலை கிடைக்காதவர்களுக்கு என்றார். உனக்குத்தான் வேலை இருக்கிறதே, நானே கண்ணால் பார்த்தேனே என்றார்.

அந்த வேலையை இன்றைக்கே விட்டுவிடுகிறேன் என்றேன்.

விட்டால் செக்ரோலில் பெயர் போய்விடும், அப்புறம் நீ தோட்டத்தில் குடியிருக்கிறாய் என்று யார் கடிதம் கொடுப்பார்கள் என்று கேட்டார். எனக்கு யோசிக்க நேரம் கொடுத்து, அன்போடு கேட்டார். மனுஷன் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். வேலை கிடைத்தவர்கள் கணக்கில் என்னை எழுதிவிட்டார்கள், மெசின் இல்லை, இனி வரவும் வராது. அம்மா வாழ்நாளில் எந்த அதிகாரியிடமும் ஐயா என்பதற்கு மேல் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள். "முப்பது வருசமா நானும் இதே வேலைதான் செய்றேன்னு சொல்லு. ஒருத்தரும் எனக்குக் கைதட்டுனதில்லன்னு சொல்லு" என்றாள். நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அம்மாவுக்கு ஒரு வடையை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கி லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் அம்மா முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். திரும்பாமலே கேட்டாள். "நான் பெரட்டுக்குப் போகச் சொன்னதாலயா?"

எத்தனையோ பேர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டவர்கள், மனேஜர், கிராம சேவகர், பச்சைச் சன்னல், மாலை போட்ட பிரமுகர், வடை தின்ற அதிகாரி. அவர்களில் ஒருத்தரிடமும் நான் குரலை உயர்த்தவில்லை. எல்லாரிடமும் மாத்தயா, ஐயா என்றுதான் பேசினேன். கையில் அகப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

"ஆமா. நீதான். நீ ஒருத்திதான்" என்றேன்.

அவள் மேலே நடந்தாள். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடித்தபோது எழுந்து தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, என்னைக் கூப்பிடாமல், தனியாக மலைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் இருந்த வரைக்கும் ஒரு நாள்கூட என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. நானாகத்தான் எழுந்து போனேன், பதினோரு வருஷம்.